31 பேருக்கு பேன், அவனுக்கு மட்டும் கிக்கா?

கோவையிலிருந்து 27 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தன் பெயரையும் குழுவின் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை நானும் மாற்றிவிட்டேன். கடிதத்தின் சுருக்கம் இது.

2020 ஊரடங்கில் ஒன்பது நண்பர்கள் பப்ஜி விளையாட, குழுவாக எழுதவும் பேசவும் இடம் தருகிற டிஸ்கார்ட் செயலியில் ஒரு சர்வர், அதாவது ஒரு குழு, ஆரம்பித்தார்கள். அந்த செப்டம்பரிலேயே பப்ஜி தடையானது, ஃப்ரீ ஃபயருக்குப் போனார்கள், 2022 பிப்ரவரியில் அதுவும் தடை. பப்ஜியின் இந்தியப் பதிப்பாக 2021இல் வந்த பிஜிஎம்ஐயும் 2022 ஜூலையில் காணாமல் போனது, 2023 மே மாதம் திரும்பி வந்தது. விளையாட்டுகள் வந்து வந்து போனாலும் ஆட்கள் கலையவில்லை. இன்று நாலாயிரம் பேர், குழுவில் எழுதுவதைக் கண்காணிக்க ஏழு மாடரேட்டர்கள், யாருக்கும் சம்பளம் கிடையாது.

சில மாதங்களுக்கு முன் தலைக்கு 50 ரூபாய் வாங்கி நான்கு நான்கு பேராக 64 ஸ்குவாட் மோதிய போட்டி ஒன்றை நடத்தியிருக்கிறார்கள். வசூல் 12,800 ரூபாய், கொடுத்த பரிசு 8,500. "மீதி எங்கே, மாடரேட்டரோட ஃப்ரெண்ட் டீம் எப்படி ஃபைனலுக்கு வந்துச்சு?" என்று ஒரு பையன் எழுதினான். ஒரு மாடரேட்டர் அதை அழித்தார். அவன் ஸ்க்ரீன்ஷாட்டோடு மறுபடி போட்டான், முப்பது பேர் அவனோடு சேர்ந்துகொண்டார்கள். அன்று ராத்திரியே 31 பேருக்கும் நிரந்தர பேன், அதாவது தடை. இப்போது அவர்கள் டெலிகிராமில் ஒரு சேனல் திறந்து "திருட்டு அட்மின்" என்று எழுதுகிறார்கள், கருத்துச் சுதந்திரத்தைப் பறித்ததற்காக வழக்குப் போடுவோம் என்கிறார்கள்.

வாசகரின் கேள்விகள்: அந்த வழக்கு நிற்குமா, நான் மானநஷ்ட வழக்குப் போடலாமா, யாரோ எதையோ எழுதினால் அட்மினான நான் ஜெயிலுக்குப் போவேனா? ஒரு நண்பர், "மாடரேட் பண்ணாதான் பொறுப்பு வரும், எதையும் தொடாதே" என்கிறாராம். இன்னொருவர், "ஆதார் வாங்கிக்கிட்டு உள்ளே விடு, அட்மின் மட்டும் எழுதுற மாதிரி பூட்டிடு" என்கிறாராம். பேசாமல் மூடிவிடலாமா என்றும் யோசிக்கிறார்.

கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில், ஒன்றரை வரி: "இதுக்கு நடுவுல பத்தாவது படிக்கிற ஒரு பொண்ணுகிட்ட ஒருத்தர் தனியா போட்டோ கேட்டு தொல்லை பண்ணிருக்கார். அந்தப் பொண்ணு பொது சேனல்ல ஸ்க்ரீன்ஷாட் போட்டுச்சு, அதை டெலிட் பண்ணிட்டு அவரை கிக் பண்ணிட்டோம், அது முடிஞ்சது சார்."

தம்பி, அது முடியவில்லை. நான் அங்கிருந்துதான் ஆரம்பிக்கப்போகிறேன்.

முதலில் அந்தச் சிறுமி

கிக் என்றால் என்ன என்று எனக்கு விளக்கத் தேவையில்லை, வீட்டில் வெலோரன்ட் விளையாட்டுப் பைத்தியம் ஒருவன் இருக்கிறான். கிக் செய்யப்பட்டவர் இன்னொரு இன்வைட் லிங்க் கிடைத்தால் அடுத்த நிமிடமே உள்ளே வரலாம், பேன் வாங்கியவருக்கு அது முடியாது. ஆக, கணக்குக் கேட்ட 31 பேரால் திரும்பி வர முடியாது, பதினைந்து வயதுப் பெண்ணிடம் படம் கேட்டவர் வரலாம். நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று நம்புகிறேன். ஆனால் உங்கள் குழுவில் எது பெரிய குற்றமாகப் பார்க்கப்பட்டது என்பது இதிலேயே தெரிகிறது.

சட்டத்துக்கு வருகிறேன். பாலியல் நோக்கத்தோடு 18 வயதுக்குக் கீழே உள்ள ஒருவரைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வது, போன் வழியாகவோ இணையம் வழியாகவோ நடந்தாலும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கிற போக்ஸோ சட்டத்தின் 11ஆம் பிரிவில் வருகிற பாலியல் தொந்தரவு. 12ஆம் பிரிவில் அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை. நோக்கம் என்ன என்பதைப் போலீஸும் நீதிமன்றமும் பார்த்துக்கொள்ளும், உங்கள் மாடரேட்டர் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. உங்களைத் தொடுவது 19ஆம் பிரிவு: இப்படி ஒரு குற்றம் நடந்தது என்று தெரிந்தவர், நடக்கக்கூடும் என்று அஞ்சுபவர், யாராக இருந்தாலும், உள்ளூர்க் காவல் நிலையத்திலோ சிறார்களுக்கான சிறப்புக் காவல் பிரிவிலோ தகவல் சொல்ல வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ, இரண்டுமோ. "அட்மினான எனக்கு ஜெயிலா?" என்று மூன்று பக்கம் பயந்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே உண்மையான ஆபத்து இருக்கிற இடம் இந்த ஒன்றரை வரிதான். நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்கு எதுவும் வராது என்றும் அதே 19ஆம் பிரிவு சொல்கிறது, அந்தப் பயம் வேண்டாம்.

செய்ய வேண்டியது இது. அந்த ஆளுக்கு இன்றே பேன். அவருடைய பயனர் பெயர், கணக்கு எண், எந்தத் தேதியில் எந்த நேரத்தில் கிக் செய்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள். டிஸ்கார்டின் நடவடிக்கைப் பதிவேடு 45 நாள்தான் நிற்கும், அதற்குள் எடுத்துவிடுங்கள். நிறுவனத்திடமும் புகார் கொடுங்கள். பொதுச் சேனலில் இருந்த பதிவு போய்விட்டது, ஆனால் அவர்களுக்குள் நடந்த உரையாடல் அந்தப் பெண்ணின் போனில் இருக்கலாம், அதை அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் ரொம்பக் கவனம்: அந்தப் பெண் அனுப்பிய ஆபாசமான படம் ஏதாவது இருந்தால், "சாட்சிக்கு வேண்டும்" என்று அதை வாங்காதீர்கள், மாடரேட்டர்களுக்குள் பகிராதீர்கள், உங்கள் போனில் வைக்காதீர்கள். அம்பத்தூர் வழக்கு ஒன்றில் 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பையே ரத்துசெய்து, குழந்தைகளின் ஆபாசப் படங்களை அழிக்காமல், புகாரும் செய்யாமல் வைத்திருப்பதே போக்ஸோவில் குற்றமாகலாம் என்று சொல்லிவிட்டது. நல்ல நோக்கத்தோடு ஆரம்பித்து நீங்கள் மாட்டிக்கொள்ளக் கூடாது.

அந்தப் பெண்ணிடம் யார் பேசுவது? உங்கள் மாடரேட்டர்களில் ஒரு பெண் இருந்தால் அவர் பேசட்டும். (ஏழு பேரில் ஒரு பெண்கூட இல்லை என்றால் அதையும் யோசியுங்கள்.) வீட்டில் சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள், ஸ்கூலை நிறுத்திவிடுவார்கள் என்று அந்தப் பெண் பயப்படலாம், நம் வீடுகளில் அது வெறும் கற்பனை இல்லை. குழந்தைகள் உதவி எண்ணான 1098இல் பேசினால் குழந்தைகளோடும் பெற்றோரோடும் பேசப் பழகியவர்கள் இருப்பார்கள். அப்புறம், சர்வரில் இதைப் பற்றி அறிவிப்புப் போடுகிறேன் என்று அந்தப் பெண்ணின் பெயரையோ கேம் ஐடியையோ எங்கும் எழுதிவிடாதீர்கள். அடையாளத்தை வெளியிடுவதும் தனிக் குற்றம்.

யாரோ எழுதினால் அட்மின் உள்ளே போவாரா?

பொதுவாக இல்லை. இதில் நம் உயர் நீதிமன்றங்கள் ஓரளவு தெளிவாகவே இருக்கின்றன. 2016இல் ஒரு மானநஷ்ட வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், குழு அட்மினைப் பொறுப்பாக்குவது அவதூறு அச்சான பத்திரிகைக்குக் காகிதம் தயாரித்தவரைப் பொறுப்பாக்குவது மாதிரி என்றது. 2021இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளையும் 2022இல் கேரள உயர் நீதிமன்றமும், உறுப்பினர் போட்டதற்காக வாட்ஸ்அப் அட்மினைத் தண்டிக்க முடியாது என்றன. நம் மதுரைக் கிளையிலும் 2021 டிசம்பரில் ஒன்று வந்தது: கரூர் வழக்கறிஞர் ஒருவர் நடத்திய வாட்ஸ்அப் குழுவில் இன்னொருவர் போட்ட பதிவுக்கு அவர் பெயரையும் எஃப்ஐஆரில் சேர்த்திருந்தார்கள். அட்மினாக இருந்ததைத் தவிர வேறு எதுவும் அவர் செய்யவில்லை என்றால் குற்றப்பத்திரிகையில் அவர் பெயரைச் சேர்க்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது.

ஆனால் ஒன்று. அவையெல்லாம் பெரும்பாலும் வாட்ஸ்அப் வழக்குகள். அட்மினால் ஆளைச் சேர்க்க, நீக்க முடியும், எழுதுவதைக் கட்டுப்படுத்த முடியாது என்பது அந்தத் தீர்ப்புகளின் வாதத்தில் ஒரு பகுதி. டிஸ்கார்டில் உங்களுக்கு அதிகாரம் கூடுதல், வார்த்தையைத் தடுக்கலாம், பதிவை அழிக்கலாம், 28 நாள் வரை ஒருவரின் வாயைக் கட்டலாம். அதனால், ஒரு மோசமான பதிவை உங்கள் கவனத்துக்குக் கொண்டுவந்த பிறகும் தெரிந்தே விட்டுவைத்தால், அதற்கு நீங்களே சிரிப்பு எமோஜி போட்டால், 'பின்' (pin) செய்து மேலே வைத்தால், "எனக்குத் தெரியாது" என்ற வாதம் உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

"தொடாமல் இருந்தால் பொறுப்பு வராது" என்கிற நண்பரிடம் சொல்லுங்கள், அது தலைகீழ். பயனர்கள் எழுதியதற்குத் தளம் பொறுப்பில்லை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு தளங்களுக்குத் தருகிற பாதுகாப்பு, கெட்டதைத் தாமாக நீக்கினால் போய்விடும் என்று ஒரு காலத்தில் சிலர் பயந்தது உண்மை. தடை செய்யப்பட்ட உள்ளடக்கத்தைத் தாமாக முன்வந்து நீக்கினால் அந்தப் பாதுகாப்பு கெடாது என்று 2021 விதிகளிலேயே எழுதிவிட்டார்கள். அந்தப் பிரிவு டிஸ்கார்ட் மாதிரி நிறுவனங்களுக்காக எழுதப்பட்டது, நாலாயிரம் பேர் குழுவின் அட்மினுக்கு நேராகப் பொருந்துமா என்று வாதாடலாம். ஆனால் குப்பையைப் பெருக்கியதற்காக வீட்டுக்காரரைப் பிடித்துப் போன வழக்கை நான் பார்த்ததில்லை.

வாய்ஸ் சேனல் தாங்க முடியாமல் இரண்டு பெண்கள் வெளியேறியதாகவும், "கேம்ல இதெல்லாம் சகஜம்" என்று மாடரேட்டர்கள் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 2021 ஜூனில், பப்ஜி நேரலையில் பெண்களை ஆபாசமாகப் பேசியதாக ஒரு யூடியூபர் தருமபுரியில் கைதானது உங்களுக்கு நினைவிருக்கும், உங்கள் உறுப்பினர்களில் பாதிப் பேர் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பார்கள். பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் நோக்கத்தில் பேசுவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 79ஆம் பிரிவு, மூன்று ஆண்டு வரை சிறை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒருவரைச் சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். "நாலு சுவருக்குள்ள பேசினது" என்று தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள், லிங்க் கிடைத்த யாரும் நுழையக்கூடிய நாலாயிரம் பேர் சர்வரைப் பொதுப் பார்வையில் இல்லாத இடம் என்று வாதாட நானே தயங்குவேன்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பின்னால் இருந்து சுடப்பட்டவன் "த்தூ, இதெல்லாம் ஒரு கேமா" என்று கத்துவது வேறு, அவன் கத்தட்டும். பெண் குரல் கேட்டதும் ஆரம்பிக்கிற பேச்சு வேறு, அதற்கு எச்சரிக்கை ஒன்று போதும், இரண்டாவது கிடையாது.

கருத்துரிமை வழக்கும் உங்கள் மானநஷ்டமும்

31 பேரின் மிரட்டலுக்குப் பயப்பட வேண்டாம். அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு தருகிற பேச்சுரிமை முதன்மையாக அரசுக்கு எதிரானது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வில் நான்கு பேர், 19, 21 பிரிவுகளின் உரிமைகளைத் தனியாருக்கு எதிராகவும் வலியுறுத்தலாம் என்று சொன்னார்கள்தான், டெலிகிராமில் யாராவது அதைத் தூக்கிக்கொண்டு வரலாம். அதை வைத்து ஒரு கேமிங் குழுவுக்குள் திரும்ப நுழைய உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டு ஜெயிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் வீட்டுத் திண்ணை, யாரை உட்கார வைப்பது என்பது உங்கள் இஷ்டம்.

சரி, அப்படியென்றால் நீங்கள் செய்தது நியாயமா? இல்லை. காசு வாங்கினீர்கள், கணக்குக் கேட்டார்கள். ஐம்பது ரூபாய் கொடுத்தவனுக்கு அந்த ஐம்பது ரூபாய் எங்கே போனது என்று கேட்கிற உரிமை உண்டு, அது கருத்துச் சுதந்திரம்கூட இல்லை, சாதாரணக் கொடுக்கல் வாங்கல். 4,300 ரூபாயில் போட்டிக்குத் தனி அறை திறக்கிற ரூம் கார்டுக்கு எவ்வளவு போனது, எவ்வளவு போஸ்டருக்குப் போனது என்று ஒரு பக்கம் எழுதிப் போட்டிருந்தால் அந்த டெலிகிராம் சேனல் பிறந்தே இருக்காது. அதை அழித்துவிட்டு ஆளையும் வெளியே தள்ளினால், நேர்மையாக நடந்தவர்கூட திருடன் மாதிரித்தான் தெரிவார்.

மானநஷ்ட வழக்கு வேண்டாம். நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் இடம் இருக்கிறது, மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகாராகப் போட வேண்டும். பொது நன்மைக்காகச் சொன்ன உண்மையும் நல்லெண்ணத்தில் சொன்ன கருத்தும் அங்கே விலக்கு, அதனால் முதல் குறுக்கு விசாரணையிலேயே "12,800க்குக் கணக்கு காட்டுங்கள்" என்பார்கள். அதை நீதிமன்றத்தில் காட்டுவதற்குப் பதிலாக சர்வரிலேயே காட்டிவிடுங்கள், செலவு மிச்சம்.

அடுத்த முறைக்கு ஒரே ஒரு ஏற்பாடு. அட்மினையோ மாடரேட்டரையோ பற்றிய புகாரை, புகாருக்கு ஆளானவர் தொடக் கூடாது. மற்ற ஆறு பேரில் இருவர் பார்க்கட்டும். யாரை எதற்காக எவ்வளவு நாள் வெளியே வைத்தோம் என்று அவரிடம் ஒரு வரி சொல்லுங்கள், மேல்முறையீடு செய்ய ஒரு வழி வையுங்கள். 2018இல் சாண்டா கிளாரா கொள்கைகள் என்று உலக அளவில் பெரிய தளங்களுக்காகவே வகுத்தார்கள், சாரம் இதேதான்: எத்தனை நீக்கினாய் என்று சொல், ஏன் என்று சொல், முறையிட விடு. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் நடத்துகிற ரயட் நிறுவனம் 2011இல் வீரர்களையே ஜூரியாக வைத்து ஓட்டுப் போட விட்டுப் பார்த்தது, சில ஆண்டுகளில் அந்த ஏற்பாட்டை மூடிவிட்டது. ஆனால் தண்டனையோடு, அவர் பேசியதையே எடுத்துக் காட்டிக் காரணம் சொன்னபோது பலர் திருந்தினார்கள் என்று அவர்களே சொன்னார்கள். இதற்குக் காசு செலவில்லை.

ஆதார், பூட்டு, வடிகட்டி

ஆதார் நகல் வாங்கவே வாங்காதீர்கள். தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க வழிவிட்ட பகுதியை 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே அடித்துவிட்டது, அப்படியிருக்க ஒரு கேமிங் குழு நாலாயிரம் பேரின், அதிலும் பாதிச் சிறுவர்களின், அடையாள அட்டையைக் கூகுள் டிரைவில் போட்டு வைப்பதா? ஒருவரின் பாஸ்வேர்ட் போனால் உங்கள் தலை போய்விடும். உண்மைப் பெயர் வந்தால் ஒழுங்கு வரும் என்ற எண்ணமும் பழசு. 2010 ஜூலையில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டை நடத்தும் பிளிஸார்ட் இதையே அறிவித்தது. அதில் பயம் ஒன்றுமில்லை என்று காட்ட ஓர் ஊழியர் தன் நிஜப் பெயரைப் போட, கொஞ்ச நேரத்தில் அவருடைய வீட்டு விவரம் வரை தோண்டி எடுத்துவிட்டார்கள். மூன்றே நாளில் நிறுவனம் பின்வாங்கியது. பெண்கள் புனைபெயரில் விளையாடுவது ஏன் என்று உங்களை விட்டு வெளியேறிய அந்த இருவரிடம் கேட்டுப் பாருங்கள்.

அட்மின் மட்டும் எழுதலாம் என்று பூட்டினால், ஒரு மாதத்தில் அறிவிப்புப் பலகை மட்டும் மிஞ்சும், பேச்சு முழுக்க அந்த டெலிகிராமுக்குப் போய்விடும்.

வார்த்தை வடிகட்டியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன். கெட்ட வார்த்தைக்கு முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி போட்டு, அது வேறு சொல்லுக்குள் இருந்தாலும் பிடிக்கும்படி வைத்ததில், "மொத்தம் எத்தனை பேர்" என்று ஆங்கில எழுத்தில் கேட்டவன் எல்லாம் மாட்டியிருக்கிறான். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினால் அப்படித்தான், 'மொத்தம்' என்ற சொல்லின் வயிற்றுக்குள்ளேயே நம்மூர் வசவு ஒன்று உட்கார்ந்திருக்கும். திட்ட வேண்டும் என்று நினைப்பவனோ ஓர் எழுத்தை மாற்றிப் போட்டுத் தப்பிவிடுவான். நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள், முழுச் சொல்லை மட்டும் பிடிக்கட்டும், பிடித்ததை உடனே தண்டிக்காமல் மாடரேட்டருக்குத் தகவல் மட்டும் போகட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று: நுழைவுக் கட்டணம்

தலைக்கு 50 ரூபாய் வாங்கி அதிலிருந்தே பரிசு கொடுப்பதை உடனே நிறுத்துங்கள். 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பார்ப்பதில்லை, பணம் கட்டிப் பணம் ஜெயிக்கலாம் என்று ஆடினால் அதைப் பண விளையாட்டு என்கிறது. அதை நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். இ-ஸ்போர்ட்ஸுக்கு விலக்கு உண்டு, அங்கே நுழைவுக் கட்டணமும் பரிசும் இருக்கலாம், ஆனால் அந்த விலக்கு முறைப்படி அங்கீகாரமும் பதிவும் பெற்றதற்குத்தான். நண்பர்கள் சேர்ந்து நடத்துகிற கஸ்டம் ரூம் அதில் வராது. நடந்து முடிந்த போட்டியைப் பற்றி உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் நேரில் பேசுங்கள், இனி நடத்தினால் இலவசமாக நடத்துங்கள். பந்தயச் செயலிகளின் ரெஃபரல் லிங்குகள் வருகின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவற்றின் விளம்பரத்துக்கே தனித் தண்டனை இருக்கிறது, பார்த்த நிமிடம் அழியுங்கள், இதில் விவாதமே வேண்டாம்.

மூடிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூடினாலும் அந்தப் பெண் விஷயத்தில் நீங்கள் சொல்ல வேண்டிய தகவல் அப்படியேதான் நிற்கும், அதனால் அந்த முடிவைத் தள்ளிப்போடுங்கள். முதலில் காவல் நிலையம், அப்புறம் கணக்கு, அப்புறம் 31 பேருக்கும் திரும்ப அழைப்பு. ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரியுங்கள், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் கேட்டால் காட்டுவார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருவார்கள், இதை அந்தப் பெண்ணின் அம்மாவிடமும் சொல்லுங்கள்.